ரெண்டாவது பிரேக்

பெட்டி கட்டியாகிவிட்டது. அம்மு கட்டவில்லை, அவளுடைய அம்மா கட்டினாள். கூடத்தில் வாசலைப் பார்த்தபடி அந்த நீலப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அம்முவின் கணவனுடைய அண்ணன் காரில் வந்து அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பெரியவர்கள் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். முப்பத்தொரு வயசுப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்போமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பேசி முடிக்கிற சாமர்த்தியம் உள்ளவர்களுக்குக் கேட்கிற பழக்கம் எங்கேயிருந்து வரும்!

அம்மு உள்ளறையில் பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அவளுக்கு ஒரு தேர்வு. மென்பொருள் நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே எழுதச் சொல்லியிருந்தது. தேறினால் வேலை, தங்குவதற்கு விடுதியில் ஓர் அறை. தேறாவிட்டால் நீலப் பெட்டி. "வேலை கிடைச்சா அப்புறம் யோசிக்கலாம்" என்று அப்பா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்திருந்தார். எங்கே கிடைக்கப் போகிறது என்கிற தைரியத்தில் சொன்னது அது.

காலையில் கண் விழித்தால் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். இணையத்தில் ஓடும் கம்பைலர் செல்லாதாம். சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவி, திரையைக் காட்டியபடியே நிரல் எழுத வேண்டுமாம். கம்பைலர் என்பது ஒன்றும் பெரிய பூதமில்லை. நாம் எழுதுகிற நிரலை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிற இடைத்தரகர், அவ்வளவுதான். ஆனால் தரகர் வாயைத் திறக்காவிட்டால் எந்தக் காரியமும் நடக்காது என்பது ஊரறிந்த விஷயமாயிற்றே.

இறக்கினாள், நிறுவினாள். ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டுகிற சின்ன நிரலை எழுதி ஓட்டிப் பார்த்தாள். சிவப்பில் பிழைச்செய்தி வந்தது. தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லையாம். எந்த இடத்தில் முடியவில்லை என்று ஒரு முகவரியும் போட்டிருந்தது. அந்த முகவரியின் நடுவில், ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாக ஐந்து கேள்விக்குறிகள்.

இறக்கியதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். கம்ப்யூட்டரோ நத்தைக்கு அண்ணன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நிரம்புவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்தத் தடவை கம்பைலரை வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஓட்டினாள். அதே சிவப்பு, அதே ஐந்து கேள்விக்குறிகள்.

"தலையை வாரிக்கோடி. அவங்க வர்ற நேரத்துல இப்படியா உட்கார்ந்திருப்பே?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, சும்மா இரேன்!"

"நான் சும்மா இருந்தா யாரு பெட்டி கட்டுறது?" என்று முனகிக்கொண்டே போனாள்.

அம்முவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் முன்னால் அவள் ஏன் உட்கார வேண்டும்? அவளுக்கென்று ஒரு நல்ல லேப்டாப் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். அந்த லேப்டாப்பை மட்டும் விடவில்லை, வீட்டிலிருந்தபடியே படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அது தண்ணீரில் நனைந்து செத்துப்போனது. 'கை தவறிப் பட்டுடுச்சு மாமா' என்று கணவன் அப்பாவிடம் போனில் சொன்னான். அப்பா நம்பினார். அதற்கு மறுநாள்தான் அம்மு பிறந்த வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்புக்காகப் புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று பெயரும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். ஐந்து கேள்விக்குறிகள். அந்த முகவரியில் வழக்கமாக என்ன இருக்கும்? கணக்கின் பெயர் இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்ததும் வந்து நிற்குமே, அந்தப் பெயர். இந்தக் கணக்கின் பெயர் 'அம்மு'. ஆனால் அம்முவுக்கு மூன்று எழுத்துதானே? அ, ம், மு. ஐந்து எப்படி வரும்?

தேடல் பெட்டியில் 'அம்மு' என்று தமிழில் அடித்தாள். பின்னால் அழிக்கிற பொத்தானை ஒரு தடவை தட்டினாள். 'அம்ம' ஆயிற்று, உகரம் மட்டும் போயிற்று. இன்னொரு தட்டு, 'அம்'. இன்னொரு தட்டு, புள்ளி போய் 'அம' என்று நின்றது. இன்னும் இரண்டு தட்டில் காலி. ஐந்து! நாம் மூன்று என்று எண்ணுவதை மெஷின் ஐந்து துண்டாக எண்ணுகிறது. இந்தக் கம்பைலருக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. துண்டுக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அப்படி ஓர் இடமே இல்லை என்று கையை விரிக்கிறது.

அட, இதற்கா இத்தனை பாடு! ஆற அமர உட்கார்ந்தால் நாலு வழி கண்டுபிடித்திருப்பாள். ஆற அமர எங்கே நேரம்? கையில் இருந்த ஒரே வழி, இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்த இன்னொரு கணக்கில் போய் நிறுவுவது. அப்படி ஒரு கணக்கு இருக்கத்தான் இருந்தது. அதன் பெயர் 'ஓனர்'. அதற்கு ஒரு பாஸ்வேர்ட், அது அப்பாவிடம்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரே ஒரு சின்ன கார். அதில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக், அப்பா பக்கம் ரெண்டாவது பிரேக். "கால எடு! கால எடு!" என்று கிளச்சிலிருந்து காலை எடுக்கச் சொல்லி அவர் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். ஊராரை எடுக்கச் சொல்வாரே தவிர, தன் காலை ரெண்டாவது பிரேக்கிலிருந்து ஒருநாளும் எடுத்ததில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே 'ஓட்டுபவரிடம் பேசாதீர்' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. அது அவருக்கு மட்டும் பொருந்தாது.

அம்மு கல்லூரியில் சேர்ந்தபோது இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியவர் அவர்தான். அவளுக்கு ஒரு கணக்கு, தனக்கு ஒரு கணக்கு. "பிள்ளைக்கு ஸ்டீயரிங், நமக்கு பிரேக்கு" என்று அன்றைக்கு எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார்.

அம்மு கூடத்துக்குப் போனாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஓனர் பாஸ்வேர்ட் வேணும்."

"எதுக்கு?"

"என் கணக்குல கம்பைலர் ஓட மாட்டேங்குது. நீங்க தமிழ்ல பேரு வெச்சீங்கல்ல, அதை அதால படிக்க முடியல. கேள்விக்குறியாப் போடுது."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சு வெச்ச பேருடி அது."

"தெரியும்ப்பா. நல்ல பேருதான். இப்ப பாஸ்வேர்ட் சொல்லுங்க."

"இந்தப் பரீட்சை இப்ப எழுதியே ஆகணுமா? அவங்க கிளம்பியாச்சு. மாப்பிள்ளை புது லேப்டாப்பே வாங்கி வெச்சிருக்காராம். அங்க போய் நிம்மதியா எழுதேன்."

"பழசு மேல தண்ணி ஊத்தினதும் அவர்தான்."

"அது ஏதோ கை தவறி..."

"கை தவறினா ஒரு டம்ளர் சாயும்ப்பா. அவர் பாத்ரூம்லேர்ந்து பக்கெட்டைத் தூக்கிட்டு வந்தார்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

அப்பா வாசலை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்ல வாயெடுத்தேன். 'வந்ததும் வராததுமா புகார் வாசிக்காதே, அனுசரிச்சுப் போ'ன்னீங்க." அவள் உள்ளறைக் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினாள். "புது லேப்டாப் நிஜமாவே இருக்கும்ப்பா. அதுக்கும் ஒரு பாஸ்வேர்ட் இருக்கும். அது அவர்கிட்ட இருக்கும். இது உங்ககிட்ட இருக்கிற மாதிரியே."

கற்றுக்கொள்கிறவன் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது அழுத்துவாரே, அப்படி அப்பாவுடைய வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவரே குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து உள்ளறைக்கு நடந்தார்.

இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் அடித்தார். பெற்ற பெண்ணிடம்கூட மறைவு! பழக்கம் லேசில் போகுமா? ஓனர் கணக்கு திறந்தது. அம்மு பாய்ந்து உட்கார்ந்து கம்பைலரை மறுபடி இறக்கினாள். பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

வாசலில் ஹாரன் சத்தம்.

"அதுக்குள்ளயா?" என்றாள் அம்மா. அம்முவின் கணவனுடைய அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். "ரோடு காலியா இருந்துச்சு, சீக்கிரமே வந்துட்டேன். தம்பி பொண்டாட்டி ரெடிதானே? ஓ, பெட்டியெல்லாம் ரெடி!" அப்பா கூடத்துக்கு ஓடினார். அம்முவும் நாற்காலியை விட்டு எழுந்து, கதவை முக்கால்வாசி சாத்தினாள். போன காரியம் என்னவோ கதவு சாத்துகிற காரியம்தான். ஆனால் கூடத்தில் தன் பெயர் அடிபடவும் அங்கேயே கொஞ்சம் நின்று காதைக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால் திரை பூட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி அப்பா செய்து வைத்திருக்கிறார், மகாராசன்! பாஸ்வேர்ட் எங்கே என்று கேட்டு நின்றது திரை. பதினோரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எல்லோரும் சேர்ந்து அவளை எத்தனை பூட்டுக்குள்தான் வைப்பார்கள்!

"அப்பா!"

கூடத்தில் பேச்சு நின்றது.

"அப்பா, பூட்டிக்கிச்சு!"

கதவு திறந்தது. அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கணவனுடைய அண்ணன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு நிமிஷம் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"கால எடு" என்றார்.

மேஜைக்கு அடியில் ஒயர் எதையோ மிதித்துவிட்டோம் என்று பயந்து அம்மு இரண்டு காலையும் நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"உன் காலை இல்லடி! பாஸ்வேர்டு! கால எடு. இங்கிலீஷ் எழுத்துல, சேர்த்து அடி." தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தக் குரலிலேயே, எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

அந்தப் பதற்றத்திலும் அம்முவுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அடித்தாள். திறந்தது. பச்சைக் கோடு நிரம்பியிருந்தது. நிறுவினாள். அந்தச் சின்ன நிரலை எழுதினாள். ஓட்டுகிற பொத்தான் மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

சிவப்பு வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அவள் எழுதிய அந்த ஒரு வரி வந்து நின்றது. அப்பாடா!

ஹெட்போனை மாட்டவும் அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வரவும் சரியாக இருந்தது. "திரையைக் காட்டுங்க. கம்பைலர் இருக்கா?" என்றாள் ஒரு பெண். "இருக்கு" என்றாள் அம்மு. முதல் கேள்வி திரையில் வந்தது.

ஒரு காதில் அந்தப் பெண்ணின் குரல். ஹெட்போன் சரியாக மூடாத இன்னொரு காதில் கூடம்.

"என்ன மாமா நடக்குது இங்க? நான் நாலு வார்த்தை பேசிக்கிறேன், தள்ளுங்க."

"உள்ள போகாதீங்க பெரிய மாப்பிள்ளை."

"பேசத்தானே வந்திருக்கோம்?"

"ஓட்டுறவங்ககிட்ட பேசக்கூடாது."

"என்ன மாமா, விளையாடுறீங்களா?"

"என் வண்டியில ஒட்டியிருக்கேன். போய்ப் படிச்சுப் பாருங்க." அப்பாவின் குரல் உயரவில்லை. "உங்க தம்பிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. லேப்டாப் மேல ஊத்தினது டம்ளரா, பக்கெட்டா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதில் தெரிந்தவர்தான் போலிருக்கிறது.

"அவ தேறினாலும் சரி, தேறாட்டியும் சரி. இன்னிக்கு வரமாட்டா" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே கார் கிளம்பியது. அம்முவுக்குக் கேள்வியின் பாதிதான் புரிந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு அடிக்க ஆரம்பித்தாள். முதல் தடவை பிழை வந்தது. அது அவள் செய்த பிழை, திருத்தத் தெரிந்த பிழை. திருத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ எதையோ மெல்ல இறக்கி வைத்தார்கள். வளையல் சத்தத்தில் அது அம்மா என்று தெரிந்தது. ஜிப்பைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அம்மு திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.