மவுஸைத் தொடாதே

நாள் முழுக்க ஊரார் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் போனிலேயே வைத்தியம் பார்ப்பவள் நான். எப்போது ஆரம்பித்தது, பக்கத்தில் புதிதாக என்ன வைத்தீர்கள், ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்று கேட்டும் சொல்லியுமே பாதி மெஷின்களை ஓட வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் இந்தப் பருப்பு வேகாது.

அவர் கட்டட வரைபடம் போடுபவர். படுக்கையறை மூலையில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் வேலை பார்க்கிறோம். கொஞ்ச நாளாக அவருடைய ஒயர்லெஸ் மவுஸ் பாடாய்ப் படுத்தியது. கம்ப்யூட்டரில் சுவருக்குக் கோடு இழுப்பார். அம்புக்குறி நடுவழியில் நிற்கும், பிறகு தவ்வும், போகக்கூடாத இடத்தில் போய் உட்காரும். இழுத்ததை அழித்து மறுபடி இழுப்பார். எழுந்து போவார், தண்ணீர் குடிப்பார், வருவார், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி எழுவார். எதிரில் யாருக்கோ "உங்கள் பொறுமைக்கு நன்றி" சொல்லிக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் என் வித்தையைக் காட்டத்தான் செய்தேன். புது பேட்டரி கொடுத்து மாற்றச் சொன்னேன். ஒயர்லெஸ் சாமான்கள் ஒட்டி ஒட்டி இருந்தால் ஒன்றின் சிக்னலை இன்னொன்று கெடுக்கும் என்பதால் என் ஹெட்செட்டை அணைத்தேன், வைஃபை பெட்டியை ஹாலுக்குக் கடத்தினேன், ஸ்பீக்கரை அலமாரிக்குள் தள்ளினேன். எதற்கும் மசியவில்லை. நான் பார்க்கிறேன் என்று கை நீட்டினால், மவுஸைத் தொடாதே என்று எரிந்து விழுந்தார். புதிது வாங்கலாம் என்றேன், அதற்கும் வேண்டாம் என்றார். அப்படி என்ன புதையல் இருக்கிறதோ அதற்குள் என்று இருந்தது எனக்கு.

வேறு சிலதும் கண்ணில் பட்டன. டீயைப் பாதிக் கப்புக்கு மேல் ஊற்றாதே என்றார். முகச்சவரம் செய்வதை விட்டுவிட்டார். என்மேல் உள்ள கோபத்தைத்தான் இப்படிக் காட்டுகிறார் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, நாலு மணிக்கு மேனேஜரிடம் பேசி வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு மவுஸுக்காகவா வேலைய விடுவாங்க?"

"மவுஸா இருந்தாப் பரவால்ல," என்றார். "கையா இருந்தா?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் கையைப் பார்த்தேன். மாமனாருக்கும் ஏறக்குறைய இந்த வயதில்தான் கை நடுங்க ஆரம்பித்தது. கடைசிக் காலத்தில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது இவர்தான்.

கையை நீட்டிப் பார்த்தால் நடுங்குகிற மாதிரிதான் தெரிகிறது என்றார். என்னிடம் சொல்லியிருக்கலாமே, டாக்டரிடம் போயிருக்கலாமே என்று பொரிந்து தள்ளினேன். மவுஸையாவது கொடுத்துப் பார்த்திருக்கலாமே என்றேன்.

"நீ பாத்துட்டு, மவுஸ் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் எதைக் குத்தம் சொல்றது?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் தடுக்குமுன் மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கிய பிறகுதான் பயம் வந்தது. என் கையில் இது ஒழுங்காக ஓடிவிட்டால் என்ன செய்வது? ஒரு மெஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் முதல்முறையாக வேண்டிக்கொண்டது அப்போதுதான். கோடு இழுத்தேன். நின்றது. தவ்வியது. சுவரைத் தாண்டிப் போய் வரைபடத்தின் நடுக்கூடத்தில் விழுந்தது.

"என் கைலயும் குதிக்குதுங்க."

இன்னொரு தடவை இழு என்றார். இழுத்தேன். இன்னொரு தடவை என்றார். அம்புக்குறி குதிக்கக் குதிக்க, கணக்கில் தேறிய பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

அப்புறம் என் தொழில் கேள்விகளை எடுத்தேன். எப்போது ஆரம்பித்தது, பக்கத்தில் புதிதாக என்ன வைத்தீர்கள்? கஸ்டமர் மாதிரியே அடக்கமாக யோசித்தார். வரைபடங்களைச் சேமித்து வைக்கச் சமீபத்தில் எங்கள் பெண் வாங்கித் தந்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினார். அதன் ஒயர், மவுஸின் சிக்னலை வாங்கும் நக அளவு ரிசீவரை உரசிக்கொண்டு பக்கத்துத் துளையிலேயே செருகியிருந்தது. ஊரையெல்லாம் காலி செய்தவள், ஒயர் உள்ள சாமானால் என்ன வந்துவிடப் போகிறது என்று இதை மட்டும் விட்டுவைத்திருந்தேன். முறைப்படி நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றினேன். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. டிஸ்க்கை மறுபக்கத் துளையில் செருகி, ரிசீவரை ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டி மவுஸ் அருகே கொண்டுவந்தேன். அப்போதும் ஓடியது.

ஓடியது என் கையில். மவுஸை அவர் முன்னால் நகர்த்தினேன். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்தார். எனக்குத் திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். பிறகு மூச்சை விட்டார். திரும்பிப் பார்த்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே கோடு, நேராக.

அதன்கீழ் இன்னொன்று இழுத்தார், அதன்கீழ் இன்னொன்று. நாலு மணி எப்போதோ தாண்டியிருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, டீ போடட்டுமா என்று கேட்டேன்.

"முழுக் கப்பா ஊத்து," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.