பவானியின் பின்னங்கால்

கால் போன குதிரைக்குப் பேர் குதிரை இல்லை, வாயுள்ள பாரம் என்பார்கள். பவானிக்கு அந்தக் கெட்ட காலம் ஐப்பசி மழையோடு வந்தது.

சோழவரத்தில் வீரராகவன் வைத்திருந்த லாயத்தில் குதிரை இரண்டே. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவை. ஒன்று கறுப்பு, இன்னொன்று பால்வெள்ளையாக இந்தப் பவானி. பவானியைப் பார்த்துக்கொண்டது செங்கல்வராயன். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் பதினெட்டு வருஷம் பழுத்த இரும்புக்கு முன்னால் நின்று, நெஞ்சு வறண்டு வெளியே வந்த ஆள். மனுஷரிடம் பேசாததை எல்லாம் குதிரையிடம் பேசுவான்.

குளம்புக்கு மேலே, பின்பக்கப் பள்ளத்தில், இரண்டு பின்னங்கால்களிலும் பொருக்குப் பொருக்காகப் புண் கிளம்பியது. தொட்டால் உதறியது. நாலாம் நாள் கால் வீங்கி, நடை நொண்டியது. முதலாளி பார்த்துவிட்டு, சூலூர்ப்பேட்டை வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறான், சரியாகாது என்று தெரிந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன் என்றார். நொண்டிக் குதிரையை வாங்குகிறவன் அதை எங்கே கொண்டுபோவான் என்று செங்கல்வராயனுக்குத் தெரியும்.

நாம்தான் தினம் காலைக் கழுவிச் சாக்குக் கட்டுகிறோமே, பிறகு எப்படிப் புண் வரும்? யாரோ கை வைக்கிறார்கள். சந்தேகப்பட அதிக ஆள் இல்லை. அப்பாவு ஒருத்தன்தான். பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுகிற குடும்பத்தான், கறுப்புக் குதிரைக்கென்று வந்து ஒரு மாசம் ஆகிறது. வந்த அன்றே செங்கல்வராயன் கறாராகச் சொல்லியிருந்தான்: பவானிமேல் உன் கை படக்கூடாது, பட்டால் இங்கே நான் இருப்பேன், இல்லை நீ இருப்பாய். அப்பாவு மறுபேச்சில்லாமல் தலையாட்டினான். அப்படி லேசாகத் தலையாட்டுகிறவனை எவன் நம்புவான்?

காலில் சுற்றிய சாக்கின் முடிச்சும் காலையில் மாறியிருந்தது. செங்கல்வராயன் போடுவது மில் முடிச்சு, ஒரு இழுப்பில் அவிழும். இது பக்கவாட்டில் படுத்திருந்தது. வலை பின்னுகிற விரல் போட்டது. குனிந்து மோந்தான். ஏதோ எண்ணெய் வாடை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பவானி நிற்கும் தடுப்பின் வாசலில் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவிவிட்டுப் போனான். மறுநாள் ஏழு மணிக்கு வந்தால் சாம்பலில் காலடி. விரல்கள் விசிறிபோல் அகன்ற கால், படகில் நின்று பழகிய கால். நேரே முதலாளியிடம் போனான்.

"அவன் இன்னாவோ தடவுறான் முதலாளி. கால அழுவ வைக்கிறான்."

என்ன தடவியிருக்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காகவே வீரராகவன் கால்நடை டாக்டர் திலகவதியை வரவழைத்தார். மத்தியானம் அந்தம்மா வந்து, பவானியின் பின்னங்காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்து, பொருக்கை விலக்கிப் பார்த்தார். முதலாளி அப்பாவுவை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"தேங்கா எண்ணெதான் தடவுனேன்," என்றான் அப்பாவு. "அதுவும் நல்லா காய வெச்சிட்டுத்தான்."

"காய வெச்சியா? ஈரம் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் டாக்டர்.

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் வாளி, அதில் தண்ணீரில் ஊறிக்கொண்டு நாலு சாக்குத் துண்டு.

"இத யாரு கட்டுறது?"

முதலாளிக்குத் தெரியாது. அவர் லாயத்துக்கு வருவதே வாரத்துக்கு ஒருதரம். அப்பாவு வாயைத் திறக்கவில்லை. செங்கல்வராயனுக்கு அந்த மௌனமும் பிடிக்கவில்லை. எதற்காக நம் பேரை மறைக்கிறான்? பின்னால் எதைக் கேட்க வைத்திருக்கிறான்?

மில்லில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இரும்பு சீறி வரும்போது முழங்காலுக்குக் கீழே ஈரச் சாக்கைச் சுற்றிக்கொள்ள வேண்டும். சுற்றாதவன் காலில் தோல் நிற்காது. தார் ரோட்டில் நடந்து சூடேறி வருகிற குதிரைக்கும் அதுதான் சுகம் என்று நினைத்தான். மழை வந்த பிறகும் ஒருநாள் விடவில்லை. புண் வந்ததும் இன்னும் நன்றாக நனைத்துக் கட்டினான்.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். அப்பாவுவை அனுப்பியிருப்பார்கள், ஈரச் சாக்கு மட்டும் பவானியின் காலிலேயே இருந்திருக்கும். பவானி அந்தக் காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நுனிக்குளம்பில் நின்றது.

"நாந்தாம்மா கட்டுறது," என்றான்.

மழையில் நனைந்த காலில் மறுபடி ஈரத்தைக் கட்டி வைத்தால் தோல் ஊறி வெடித்துவிடும், கிருமிக்கு அதுவே வாசல், வெள்ளைத் தோலுக்கு இன்னும் சீக்கிரம் என்றார் டாக்டர். முடியைக் கத்தரித்து, மருந்துத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும், காய்ந்ததைப் பிய்க்கக்கூடாது. ஒத்தி ஒத்தி முழுசாகக் காயவைத்த பிறகுதான் களிம்பு. நிற்கிற தரையும் காய்ந்திருக்க வேண்டும். பவானிக்குத் தேய்க்கிற பிரஷ் கறுப்புக் குதிரைமேல் படக்கூடாது. வீக்கத்துக்கு ஊசி போட்டார். எலும்பில் ஒன்றுமில்லை, பதினைந்து நாளில் நடக்கும் என்றார்.

"சேத்துப்புண்ணு மாதிரிதாம்மா," என்றான் அப்பாவு. "தண்ணில நின்னு நின்னு எங்க ஆளுங்க காலுக்கெல்லாம் வரும்."

இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்களே, பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு கணம் ஓடியது செங்கல்வராயனுக்கு. "தெரிஞ்சிக்கினு ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கேப்பியா நைனா? தொட்டாலே தொரத்துவேன்னுட்ட. அதான் விடிகாலைல வந்து அவுத்து, தொடச்சிட்டு, திரும்பவும் கட்டி வெச்சேன். சாயங்காலம் நீ மறுபடி நனைச்சிருவ."

வீரராகவன் வியாபாரிக்குப் போன் போட்டு, பதினைந்து நாள் கழித்துப் பேசலாம் என்றார். பிறகு செங்கல்வராயன் பக்கம் திரும்பி, புண் ஆறுகிறவரைக்கும் காலை அப்பாவு பார்க்கட்டும், நீ தலைக்கயிற்றைப் பிடி என்றார். அவன் வாளியைத் தூக்கிப்போய்ச் சாக்குகளை வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தான்.

அப்பாவு உட்கார்ந்து பழைய லுங்கியால் காலை ஒத்தினான். அந்த விரல்கள் எங்கெங்கே போகின்றன என்று செங்கல்வராயன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மனசிலிருந்து சந்தேகம் முழுக்க இறங்கவில்லை. களிம்பு டப்பாவை அப்பாவு திறந்தபோது செங்கல்வராயன் வாயைத் திறந்தான்.

"இரு. உள்பக்க இடுக்குல ஈரம் கீது பாரு."

அப்பாவு குனிந்து பார்த்தான். இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு லுங்கியை எடுத்தான்.