கூடாரத்துக்கு எத்தனை பேர்

"மூணு கூடாரம் எதுக்குக்கா? ரெண்டு போதுமே" என்றான் தம்பி. வீடியோ காலில் அவன் முகம் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியில் அவன் மனைவி மகளின் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சதுரத்தில் தங்கச்சியும் மாப்பிள்ளையும், நடுவில் புகுந்து புகுந்து ஓடும் அவர்கள் மகனும். நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, மலைமேல் அந்த ஏரிக்கரையில் இருக்கும் முகாமின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கூடாரம் என்றுதான் பெயர். உள்ளே மெத்தைக் கட்டில், கம்பளி, வெந்நீர் வரும் குளியலறை. காட்டுக்குப் போய் இப்படிச் சொகுசாகக் கஷ்டப்படுவதற்கு கிளாம்பிங் என்று பெயராம்.

"உங்களுக்கு ஒண்ணு, தங்கச்சி வீட்டுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சரியாத்தானே இருக்கு?"

சீப்பு நின்றது. மாப்பிள்ளைக்குச் சட்டென்று தாகம் எடுத்துவிட்டது, எழுந்து போனார்.

"நீயும் வர்றியாக்கா?" என்றான் தம்பி.

பள்ளிக்கூட ஆபீசில் என் வேலையே இதுதான். பிள்ளைகளின் சுற்றுலாவுக்குப் பஸ் பிடிப்பது, ரூம் போடுவது, கடைசியில் வாசலில் நின்று கையாட்டுவது. அதனால் இந்தப் பயணத்தையும் என் தலையில்தான் கட்டினார்கள். நானும் குஷியாகத்தான் ஏற்றுக்கொண்டேன். எந்த வளைவில் தங்கச்சி மகன் வாந்தியெடுப்பான், மழை பெய்தால் விறகு நனையாமல் வைப்பார்களா, ராத்திரி நெருப்பு மூட்ட எதுவரை அனுமதி என்று அந்த முகாம்காரர்களைப் பிடுங்கி எடுத்திருந்தேன். எனக்கென்று சிவப்பில் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டேன். நான் வருகிறேனா என்று ஒரு கேள்வி இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"அப்பாவை யாரு பாத்துக்குவா?" என்றாள் தங்கச்சி.

"ஆள் பேசி வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில வேலை பாத்தவரு. நல்ல மனுஷன்."

"இல்லக்கா, அப்பாதான் சொன்னாரு. உனக்குக் குளிர் ஒத்துக்காதாம், நீயே வரலைன்னுட்டியாம்."

"நான் எப்போ சொன்னேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ ஆசை ஆசையா எல்லாத்தையும் செஞ்சிட்டிருந்தே" என்றான் தம்பி. "அதைப் போய்க் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

நாங்க யாராவது இருந்துக்கறோம், நீ போயிட்டு வா என்று ஒருத்தர் வாயிலிருந்தாவது வரும் என்று காத்திருந்தேன். ஒரு பேச்சுக்காவது. தம்பி மனைவி மறுபடியும் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். நான் வீடியோ காலைத் துண்டித்தேன்.

அப்பா அறையில் விழித்துத்தான் இருந்தார். பக்கவாதம் இடதுபக்கத்தை எடுத்துக்கொண்டதே தவிர காதை ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் பேசியது முழுக்க அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "எவனோ ஒருத்தன் வந்து என் துணியை அவுக்கணுமா?"

"மூணே நாள்தானேப்பா."

"போயேன். யாரு வேணாங்கறா? நான் ஒரு வாய் தின்னமாட்டேன். அவ்வளவுதான்."

சொன்னால் செய்கிற மனுஷன். போன வருஷம் சிநேகிதி மகள் கல்யாணத்துக்குப் போனபோதும் இதே கதைதான். பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் கெஞ்சிப் பார்த்தும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினால், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. 'அவரு உன் கைக்குத்தான்க்கா பழகிட்டாரு' என்று தங்கச்சி போனில் எனக்குப் பட்டம் கொடுத்தாள்.

அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். பெற்ற அப்பாவை வெறுப்பது பாவமென்றால் அது என் தலையிலேயே விடியட்டும். எனக்கும் வயது ஏறிக்கொண்டுதானே போகிறது? ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, யாரோ மூட்டிய நெருப்புக்கு முன்னால் நான் சும்மா உட்காரக் கூடாதா? வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் கடைவாயில் எச்சில் வழிந்தது. நான் யோசிப்பதற்கு முன்பே என் கை துண்டை எடுத்துத் துடைத்துவிட்டது. ரோஷம் கெட்ட கை.

"கோவமா?" என்றார்.

"ஆமா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தபடி சமையலறைக்கு வந்தபோது தம்பியின் செய்தி வந்திருந்தது. 'ரெண்டு கூடாரம் உறுதி பண்ணிடுக்கா, இல்லைனா வேற யாராவது எடுத்துடுவாங்க.' கீழே தங்கச்சி ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு முகாமுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு கூடாரம் போதும்மா. ஆறு பேரு."

"சரி மேடம்" என்றாள் அங்கே இருந்த பெண். "ஏரியைப் பாத்த மாதிரியே தர்றேன். ராத்திரி நெருப்பைச் சுத்தி ஆறு நாற்காலி போட்டுடச் சொல்றேன்."

"ஏழு போடுங்க."

"ஆறு பேருன்னீங்களே மேடம்?"

"ஆறு பேருதான். நாற்காலி ஏழு. என் தம்பி ஒண்ணை எடுக்கச் சொல்லுவான். எடுக்கக் கூடாது. ரெண்டு ராத்திரியும் அங்கேயே கிடக்கட்டும்."

"பின்னால யாராவது வர்றாங்களா மேடம்?"

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். சத்தமாக இல்லை, இன்றைக்குக் கொஞ்சம் பயந்துபோய்.

"அதுமேல ஒரு கம்பளியும் மடிச்சு வையுங்க" என்றேன்.