பெரிய எழுத்து

இசைவாணியைத் தூக்கி ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்தபோது, தெருவில் ஷாமியானாவுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

"ண்ணா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள இவள உன் கடைக்குக் கூட்டினு போ. அப்பா ஓ.டி.ல கீறாருன்னு சொல்லிகீறேன். நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறந்துடாத," என்று அண்ணன் காதோடு சொன்னாள் ரஞ்சனி.

"நான் ஏம்மா தொறக்கப் போறேன்," என்றான் தணிகாசலம். ஒரகடம் கூட்ரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவன். போன வாரத்துக் கத்திரிக்காயைக் காலையில் பறித்தது என்று சத்தியம் பண்ணி விற்கிற வாய். பள்ளிக்கூடமே போகாத பிள்ளையை ஏமாற்ற எவ்வளவு நேரம்?

தங்கை புருஷன் சிவசங்கர் கம்பெனியில் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லைனிலேயே சரிந்து, போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மகளோடு வண்டியில் போனால் கண்ணில் படுகிற போர்டுக்கெல்லாம் நிறுத்துவான். அவள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை எடுத்துக்கொடுக்க மாட்டான். வண்டியையும் எடுக்க மாட்டான். வீட்டிலும் பிஸ்கட் கவரை அவள் படித்த பிறகுதான் பிரிப்பது.

"கலரப் பாத்து சொல்லுது மாப்ள. ஜோசியக்கிளிகூடத்தான் கரெக்டா சீட்டு எடுக்குது," என்பான் தணிகாசலம்.

"பாத்துகினே இரு மச்சான்," என்று சிரிப்பான் அவன்.

ஊர் முனையில் இசைவாணி துள்ளினாள். "மாமா, நிறுத்து! அப்பா போட்டோ!"

கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. காலையில் அவனே பேரம் பேசி அடித்த பேனர். 'எழுத்தப் பெருசாப் போடுய்யா, பஸ்ல போறவனும் படிக்கணும்' என்று கடைக்காரனோடு மல்லுக்கட்டி, அதே விலைக்கு வாங்கியது. அதற்குள் இங்கே கட்டிவிட்டிருந்தார்கள்.

"அப்பாவுக்குப் பொறந்தநாளு கண்ணு. அதான்."

"அப்ப கேக் வாங்கணுமே?"

"வாங்கிடலாம்."

"இரு மாமா. படிச்சிட்டுப் போலாம்." விரலை நீட்டினாள். "க... ண்..."

கை ஆக்ஸிலேட்டர்மேல்தான் இருந்தது. ஒரு திருகு திருகினால் பேனர் பின்னால் போய்விடும்.

"ணீ... ர். கண்ணீர்."

திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் மறுபடி பேனர் பக்கம் திரும்பிக்கொண்டாள். விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.

பின்னால் கம்பெனி பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. தணிகாசலம் வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருகி அணைத்தான். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றான்.

"அ..." என்றாள் இசைவாணி.