மணிமேகலையின் முகம்

தெய்வங்களுக்கெல்லாம் முகம் செய்து கொடுத்த ஒருவருக்குத் தம் வீட்டு முகம் ஒன்று கைக்கு வராமல் போயிற்று. திருவானைக்காவலில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ரெங்கராஜ் ஆசாரியின் கதை அது.

மனைவி மணிமேகலை இறந்து ஓராண்டு நிறைய ஒன்பது நாட்கள் இருந்தன. அதற்குள் அவள் முகத்தை வெள்ளித் தகட்டில் வடித்துவிட வேண்டும் என்று அவர் தவித்தார். நாளாக ஆக அந்த முகம் நினைவில் கலங்கிக்கொண்டே வந்தது. முழுவதும் மறந்துபோவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

மூன்று தகடுகளை அடித்தார். மூன்றிலும் அம்மன்தான் வந்து உட்கார்ந்தாள். புருவம் வில்லாய் வளைந்தது, மூக்கு எள்ளுப்பூவாயிற்று, உதடு இம்மியும் பிசகாமல் புன்னகைத்தது. நாற்பது ஆண்டுகளாகச் சாத்திர அளவுக்குப் பழகிய கை, பிசகு என்றால் கேட்க மறுத்தது. ஆதார் அட்டைப் படமும் உதவவில்லை. அதில் அவள், யாரோ அதட்டிவிட்டதுபோல் உதட்டை இறுக்கியிருந்தாள்.

நான்காவது தகடு அரக்கில் பதிந்திருந்தபோது, பக்கத்துக் கடையில் ரவிக்கை தைக்கும் கமர் ஜஹான் எட்டிப் பார்த்தாள்.

"சமயபுரத்துக்காண்ணே? அம்மன் லட்சணமா இருக்காங்க."

"அம்மன் இல்லம்மா. உங்கக்கா."

"எங்கக்காவா? போங்கண்ணே! அதுக்கு ஏது இவ்வளவு அடக்கம்? அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துட்டு ஒரு மணி நேரம் சிரிச்சுட்டுல்ல போகும்."

"அந்தச் சிரிப்புதாம்மா வரமாட்டேங்குது. பல்லு எப்படி இருக்கும், சொல்லேன்."

"நான் எங்க பார்த்தேன்? சிரிச்சா கை வந்து மறைச்சுடுமே. நீங்க பார்த்திருப்பீங்கல்ல?"

ஆசாரி தகட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். மணமான மாதத்தில், "பல்லு அளவுக்கு மிஞ்சி நிக்குது" என்று விளையாட்டாகச் சொன்னவர் அவர்தான். அன்று உயர்ந்த கை, பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் முன்னால் இறங்கவேயில்லை.

கமர் ஜஹான் போனபின் அரக்கை இளக்கித் தகட்டைப் பெயர்த்தெடுத்தார். அழகான அந்த வாயை அடித்துச் சமன் செய்தார். பின்புறமிருந்து தட்டித் தட்டி அந்த இடத்தில் ஒரு கையைப் புடைத்தெழச் செய்தார். அபயக் கையும் வரதக் கையும் ஆயிரம் செய்தவர். இந்தக் கைக்குச் சாத்திரத்தில் பெயரில்லை. ஆனாலும் சுண்டுவிரல் சற்று விலகி, தானாகவே வந்து நின்றது.

அதற்கு நான்காம் நாள் மாலை, கடையைப் பூட்டிக்கொண்டு வந்த கமர் ஜஹான் தகட்டைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பட்டறையில் ஆசாரி மட்டும் இருந்தார். அந்த விரல்களுக்குப் பின்னால் வெறும் தகடுதான் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "கையை எடு, மேகலை" என்றார்.