கரையில் இரண்டு வருஷம்

என் அக்கா மாரிவிக்கின் கணவர் கிரிசாந்தோ சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். வின்னிபெக்கில் அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் நான் இருக்கிறேன். மேலே அக்காவும் மகள் ஜோவெலும். அத்தான் வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். வந்தால் சில வாரம் இருப்பார், வீட்டில் உள்ள குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டுவார், போய்விடுவார்.

மணிலாவிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் வந்தோம். கனடாவில் நிரந்தரமாக வாழும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. அது கையில் நிற்க வேண்டுமானால் ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது இங்கே இருந்திருக்க வேண்டும். அத்தான் இருக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக் கப்பலில் கழித்த காலம் கணக்கில் சேராது.

ஒரு பிப்ரவரி மாதம், டொராண்டோ விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தனியறைக்குக் கூட்டிப் போனார். நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் உத்தரவு கைக்கு வந்தது. மேல்முறையீடு செய்யலாம், முடிவு தெரியும்வரை இருக்கலாம் என்றார்களாம்.

வின்னிபெக் விமான நிலையத்துக்கு நான்தான் போய் அழைத்து வந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், உன் அக்காகிட்ட எப்படிடா சொல்றது?"

"நீங்க வாயத் தொறக்கவே வேணாம் அத்தான். மூஞ்சியே சொல்லிடும்."

சொல்லிவிட்டது. அக்கா புளிச்சாற்றில் வேகவைத்த பன்றிக்கறியைச் சோற்றோடு அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிட்டு முடிங்க. அப்புறம் திட்டறேன்."

ஆனால் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விசாரணைக்கு வருஷம் ஒன்றுக்கு மேல் ஆனது. அதுவரை அத்தான் இறைச்சி ஆலையில் குளிரறை கழுவினார். தேவாலயத்துக்கு வரும் லூஸ் என்ற பெண் ஒரு யோசனை சொன்னாள்.

"அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு சொல்லுங்க. அதான் ஊர்ப்பக்கம் இருந்தேன்னு. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"எங்க மாமியாரா?" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை பூரா பாட்டுப் பாடறேன்னு மைக்கப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கறாங்க. ஃபேஸ்புக்குல ஊரே பாக்குது."

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம், தீர்ப்புச் சொல்ல வேண்டிய தலை நரைத்த பெண்மணி இருந்தார். இங்கேயே ஏன் வேலை தேடவில்லை என்று கேட்டார்.

"தப்பு என்னோடதுதாங்க," என்றார் அத்தான். "கடல் பழகிப்போச்சு. குடும்பத்த யோசிக்கல."

அக்கா கையைத் தூக்கினாள். பேச அனுமதி கிடைத்தது.

"அவர் பொய் சொல்றாருங்க. ஒவ்வொரு தடவையும் இங்கயே தங்கிடறேன்னு சொன்னாரு. இன்னும் ஒரு வாட்டி மட்டும் போய்ட்டு வாங்கன்னு அனுப்பினது நான். சொந்த வீடு வேணும்னு எனக்குத்தான் ஆசை. பொண்ணு வளந்தது எனக்கே தெரியல. அவருக்கு எப்படித் தெரியும்?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஜோவெலிடம் அந்தப் பெண்மணி கேட்டார். பதினைந்து வயது. அழவெல்லாம் இல்லை.

"நான் மீன் சாப்பிட மாட்டேன்னு அப்பாவுக்கு இப்பதான் மனசுல பதிஞ்சிருக்கு. அனுப்பிட்டீங்கன்னா மறந்துடுவாரு."

ஐந்து வாரம் கழித்து உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அத்தான் வழக்கம்போல ஆலைக்குப் போனார். திரும்பி வந்து காலணிகூடக் கழற்றாமல் மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வசந்தத்தில் தண்டர் பே துறைமுகத்தில் ஒரு வேலை கிடைத்தது. உள்நாட்டு ஏரிகளில் கோதுமை ஏற்றிப் போகும் கனடாக் கப்பல். இங்கே இருந்த காலமாகவே அது கணக்கில் சேரும். ஆனால் இன்ஜினியர் வேலை இல்லை, எண்ணெய் போட்டுத் துடைக்கும் வேலை. அவருடைய சான்றிதழ் இந்த நாட்டில் செல்லாது. புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும்.

"மறுபடியும் கப்பலா?" என்றாள் அக்கா.

"கப்பல் என்ன கப்பல், குளத்துல ஓடற படகு. தண்ணி உறைஞ்சா வீட்டுக்கு வந்துதான் ஆகணும்."

போனவர் முதல் வாரமே எனக்குப் போன் செய்தார். "என்னவிடப் பத்து வயசு சின்னவன் மச்சான், தரையத் துடைன்னு சொல்றான்."

"துடைச்சீங்களா?"

"துடைச்சேன். அவனுக்குக் கேக்காத ஒரு சத்தம் இன்ஜின்ல எனக்குக் கேக்குது. பரீட்சை முடியட்டும்னு வாய மூடிக்கிட்டிருக்கேன்."

போன ஞாயிறு அந்தக் கப்பல் தண்டர் பேயில் சரக்கு ஏற்ற நின்றது. அக்கா ஜோவெலை ஏற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனாள். துறைமுகக் கம்பி வேலிக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து மூவரும் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டிருக்கிறார்கள். அரை மணிதான். அவர் வேலைக்கு உள்ளே போக, இவர்கள் திரும்பிவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்யும் கப்பலை அக்கா கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.