ஓடிபி அண்ணனுக்குத்தான் வரும்

“எல்லாத்துக்கும் அண்ணன் நம்பரையே கொடுக்கிறியே, உனக்குன்னு ஒரு நம்பர் கிடையாதாம்மா?” என்று கம்ப்யூட்டர் சென்டர் அக்கா ஒருமுறை கேட்டபோது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம் அது. தனித்தேர்வு எழுத இணையதளத்தில் கணக்கு தொடங்கியபோது வீட்டிலிருந்த ஒரே போன் அண்ணனுடையது.

பாஸ்வேர்டு அவள் மனசுக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் போட்டால் ஓடிபி அண்ணன் போனுக்குப் போகும். அண்ணனோ, “பரீட்சையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். வீட்டை யார் பார்க்கிறது?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அண்ணிதான் வழி சொன்னாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

“பாஸ்கீ போட்டுக்கோடி. அப்புறம் ஓடிபியும் வேண்டாம், உங்கண்ணன் தயவும் வேண்டாம். என் பழைய போன்ல உன் விரலை வெச்சாப் போதும். இந்த ஒரு தடவைதான் ஓடிபி வேணும்.”

“அண்ணா பார்த்துட்டா?”

“குளிக்கப் போன மனுஷன் லேசுல வருவாரா? இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்கு.”

உள்ளே பாட்டு நடக்க, அண்ணி அவன் போனைத் திறந்து எண்ணைப் படித்துச் சொன்னாள். வந்த செய்தியை அழித்தும் விட்டாள்.

அவள் விரலை வைத்தாள். கணக்கு திறந்தது. யாரையும் கெஞ்சாமல் எதுவும் அவளுக்குத் திறந்ததில்லை. மளமளவென்று பெயரை நிரப்பினாள், பாடங்களைக் குறித்தாள். போட்டோ மட்டும் பாக்கி.

கூடத்தில் அண்ணன் போன் கூவியது. தலையைத் துவட்டிக்கொண்டே அவன் உரக்கப் படித்தான்: “உங்கள் கணக்கில் புதிய பாஸ்கீ சேர்க்கப்பட்டது. சேர்த்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தவும்... நான் எதையும் சேர்க்கலையே! எவனோ திருட்டுப்பய புகுந்துட்டான்!”

அழுத்திவிட்டான்.

அவள் கையிலிருந்த பக்கம் மறைந்தது. கணக்கு முடக்கப்பட்டது, அடையாள அட்டையோடு தேர்வு அலுவலகத்துக்கு நேரில் வரவும் என்று இரண்டு வரி வந்து நின்றது. இன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் நாளைக்குத்தான் திறக்கும். விண்ணப்பமோ இன்றோடு முடிகிறது. இனி இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

“நல்லவேளை, நான் பார்த்தேன்,” என்று பெருமையாக உள்ளே வந்தவன், அவள் கையையும் முகத்தையும் பார்த்தான். சிரிப்பு செத்துப்போனது.

“ஓ, திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கானா? ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு என்ன வேலை பார்த்திருக்கே! என் போனை யாரு திறந்து கொடுத்தா?”

அவள் அண்ணியைப் பார்த்தாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? அதுகூட வேண்டாம், பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

அண்ணி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைத் தேடிக் காலில் நுழைத்துக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டாள்.